மே பதினொன்றாம் நாள் முத்திரை

1988 மார்ச் 17, வியாழக்கிழமை. வானிலை: காலையில் மேகமூட்டம், நண்பகலுக்குப் பின் மெல்லிய தூறல், வடகிழக்கிலிருந்து லேசான காற்று.

எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் அன்றைய நாளையும் வானிலையையும் குறிக்க வேண்டும் என்று எழுத்தறிவு வகுப்பில் எனக்குக் கற்பித்தார்கள். அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. துறையில் நிலக்கரி சுமந்துகொண்டிருந்தேன். இன்று எனக்கு அறுபது வயது. 'நாணல்கரை' இலக்கிய இதழின் துணையாசிரியராக இருக்கிறேன். இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகளில் அந்த விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை. ஆகவே தங்களுடைய மறுவிசாரணைக் குழுவுக்கு எழுதும் இந்தப் பதிலையும் அவ்வாறே தொடங்கியிருக்கிறேன்.

தாங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பெய் ஷுலினின் கதை எப்போது எழுதப்பட்டது என்பது ஒன்று. அவனுடைய வழக்குக் கோப்பில் கெங் தேஹாய் என்ற கையெழுத்துடன் உள்ள இலக்கியக் கருத்துரையை எழுதியவர் யார் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை எளிது. நான் எழுதினேன். முதலாவதற்கு விடை சொல்ல நிகழ்ச்சிகளை முன்னிருந்து பின்னாக, வரிசை குலையாமல் கூற வேண்டியிருக்கிறது. இப்போது எங்கள் இதழுக்கு எழுதும் இளைஞர்கள் முடிவிலிருந்து தொடங்குகிறார்கள், காலத்தைத் துண்டு துண்டாக உடைக்கிறார்கள். நானும் அவற்றை அச்சுக்கு அனுப்புகிறேன். மேல்நாட்டுக் கதை உத்திகள் நமது இன்றைய புனைகதையில் பெற்றிருக்கும் இடத்தைப் பற்றி மாவட்டப் பண்பாட்டு மன்றத்தில் மூன்று முறை உரையாற்றியும் இருக்கிறேன். ஆயினும் ஒரு நீதிமன்றத்துக்கு எழுதும் பதில் அவ்வாறு அமையலாகாது என்பது என் எண்ணம்.

பெய் ஷுலின் எங்கள் நகரத்துப் படகுத்துறையில் வடம் பிடிப்பவன். படகு கரையை நெருங்கும்போது வடத்தை எறிந்து தூணில் சுற்றுவது அவன் வேலை. 1983இல் அவனுக்கு வயது இருபத்தைந்து. வேலை இல்லாத வேளைகளில் சீட்டு விற்கும் ஹூ யூன் என்ற பெண்ணின் அறைக்குள் உட்கார்ந்து படிப்பான். அந்த அறையில் அடுப்பு உண்டு என்பதும், ஹூ யூன் அவனை விரட்டமாட்டாள் என்பதும்தான் காரணம். அக்காலத்தில் மேல்நாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்புகள் சாம்பல்நிற அட்டையுடன், 'உள்சுற்றுக்கு மட்டும்' என்று அச்சிடப்பட்டு, பதவியில் உள்ளவர்களுக்கே கிடைத்தன. அவற்றில் ஒன்று எப்படியோ பெய் கைக்கு வந்து சேர்ந்தது. ஒரு கதை முழுவதையும் அவன் கையால் பிரதியெடுத்து என்னிடம் கொண்டுவந்தான்.

"வாத்தியாரே, இதப் படிச்சுப் பாருங்க. கதை சொல்றவனே பொய் சொல்றான். முடியுற வரைக்கும் நமக்குத் தெரியவே இல்ல."

"பொய் சொல்றவன் சொல்றத நாம எதுக்குத் தம்பி உக்காந்து கேக்கணும்?"

"நம்ம முதன்மை ஆசிரியர் தாவ் கூட்டத்துல பேசுறப்ப ரெண்டு மணி நேரம் உக்காந்து கேக்கலையா?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நான் சிரித்தேன். அவனிடம் எனக்குப் பகை ஏதும் இருந்ததில்லை என்பதைத் தாங்கள் இதிலிருந்து அறியலாம்.

அந்த ஆண்டு மே பதினொன்றாம் நாள் அவன் தன் சொந்தக் கதை ஒன்றைக் கொண்டுவந்தான். 'படகுத்துறை' என்பது தலைப்பு. வந்து சேரும் ஒவ்வொரு பிரதியின் முதல் தாளிலும் வலப்பக்க மேல்மூலையில் சிவப்பு வட்ட முத்திரை குத்துவது எங்கள் வழக்கம். முத்திரையின் நடுவே நாள் இருக்கும். நானே குத்தினேன். பதிவேட்டில் 'பெய் ஷுலின், சிறுகதை, ஒன்று' என்று மட்டும் எழுதினேன். தலைப்பை எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை.

கதை இதுதான். படகுத்துறையில் வடம் பிடிக்கும் ஒருவன், பதினோரு ஆண்டுகள் தன்னோடு மதிய உணவைப் பகிர்ந்துண்ட சீட்டு விற்கும் பெண்ணை ஒரு மாலையில் கழுத்தை நெரித்து ஆற்றில் தள்ளிவிடுகிறான். காரணம் அவனுக்கே தெரியாது. ஆனால் நம் பழைய கதைகளில் வருவதுபோல ஒரு கதைசொல்லி வெளியே நின்றுகொண்டு, அவன் ஏன் அதைச் செய்தான், அவன் வர்க்கப் பின்னணி என்ன, படிப்பவர் என்ன பாடம் பெற வேண்டும் என்றெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தார். அந்த விளக்கங்கள் நன்கு எழுதப்பட்டிருந்தன. எனக்கு அவை பிடித்திருந்தன.

எங்கள் இதழில் ஒரு முறை உண்டு. நம்பிக்கை தரும் எழுத்தாளனை அவன் வேலையிடத்திலிருந்து விடுப்பில் வரவழைத்து, ஒரு விடுதியில் தங்கவைத்து, ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் கதையைத் திருத்தி எழுதச் செய்வோம். சூன் மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் பெய் ஷுலினும் நானும் தேயிலைப் பண்ணை விடுதியில் தங்கினோம். அறையில் இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு வெந்நீர்க் குடுவை. உணவுக்கூடத்தில் காலையில் கஞ்சியும் ஊறவைத்த கடுகுக் கீரையும், மற்ற வேளைகளில் நூடுல்ஸ். வேறு எவரும் எங்களோடு இல்லை. இது முக்கியமான செய்தி என்பதால் அடிக்கோடிடுகிறேன்.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதுவரை என் வாழ்வில் நானாக எண்ணியது என்று சொல்லத்தக்கது அது ஒன்றே. வெளியே நின்று விளக்குகிற அந்தக் கதைசொல்லியை நீக்கிவிடலாம். கொன்றவனே தன் வாயால் அமைதியாகச் சொல்லட்டும். ஏன் என்று அவனுக்குத் தெரியாது என்பதைப் படிப்பவரே கண்டுகொள்ளட்டும். சிவப்பு மையில் ஓரத்தில் எழுதினேன்: 'கொலைகாரனே சொல்லலாம். விளக்கம் வேண்டாம்.'

பெய் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றான். என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"எங்கேருந்து வாத்தியாரே வந்துச்சு உங்களுக்கு இது? நான் மாசக்கணக்கா முட்டிக்கிட்டு இருந்தேன். மொத்தக் கதையும் இப்பத்தான் தெறந்துருக்கு."

அன்று மாலை என்னை அறியாமல் மிகுதியாகப் பேசிவிட்டேன். சோள மது சிறிது அருந்தியிருந்தோம். எழுத்தறிவு வகுப்பு ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்ததையும், குழந்தைகளின் குட்டி பெஞ்சில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்ததையும், சன்னல் வழியாகக் குழந்தைகள் பார்த்துச் சிரித்ததையும், பேனாவைக் கரிவாரி பிடிப்பதுபோல் பிடித்து முதல் மாதத்தில் நான்கு முனைகளை ஒடித்ததையும் அவனிடம் சொன்னேன். என் மனைவிக்கும் இவை தெரியாது.

ஏழாம் நாள், கொலை நடக்கும் பத்தி எவ்வாறு அமைய வேண்டும் என்று காட்டுவதற்காக ஒரு மாதிரிப் பத்தியை நான் எழுதினேன். ஒரு பகல் முழுவதும் பிடித்தது. தொடக்கம் இவ்வாறு: 'அன்று மாலை ஆறு தெளிவாகவும் அமைதியாகவும் காணப்பட்டது. நான் மேற்படி பெண்ணை இரு கைகளாலும் உறுதியாகப் பற்றினேன். இதன் விளைவாக அவர் மூச்சுவிட இயலாத நிலைக்கு உள்ளானார்.' பெய் படித்தான். "நல்லா இருக்கு வாத்தியாரே" என்றான். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனான்.

பன்னிரண்டாம் நாள் புதிய பிரதி முடிந்தது. 'நான் அவளுக்குச் செய்தது' என்று தலைப்பை மாற்றினோம். ஒருமுறை தனியாகப் படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அதைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டான். அதில் நாள் குறிப்பிடவில்லை. முத்திரையும் இல்லை. பழைய பிரதியைச் சணல்கயிற்றால் கட்டி என்னிடம் கொடுத்தான்.

"நினைவா வச்சுக்குங்க. ஓரத்துல ஏதோ கிறுக்கியிருக்கேன். கோவிச்சுக்காதீங்க, என்ன?"

அலுவலகத்தில் என் மேசையில் வைத்துக் கட்டைப் பிரித்தேன். முதல் தாளின் மேல்மூலையில் நான் குத்திய வட்ட முத்திரையைச் சுற்றி அவன் நீல மையில் ஒரு படம் வரைந்திருந்தான். முத்திரை ஒரு மனிதனின் முகமாகியிருந்தது. மே பதினொன்று என்ற நாள் அவன் வாயாகியிருந்தது. தடித்த உடல், கீழே குட்டி பெஞ்ச், மார்பில் இடிக்கும் முழங்கால்கள், கையில் கரிவாரியைப் போல ஒரு பேனா. அருகே எழுதியிருந்தான்: 'வாத்தியாரே, யோசனை உங்களுது, பிரமாதம். ஆனா அந்தப் பாராவ நான் சேக்கல. ஆளக் கொன்னவன் எழுத்தறிவு வகுப்புல பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு.'

படம் நன்றாக இருந்தது. ஒப்புமையும் இருந்தது. நான் பிரதியை மறுபடி கட்டி மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

சூலை இரண்டாம் நாள் மாலை, சீட்டு விற்கும் ஹூ யூனைக் காணவில்லை. மறுநாள் மிதவைப் பாலத்துக்கு அடியில் அவள் உடல் கிடைத்தது. கழுத்தில் விரல் தடங்கள் இருந்தன. அது தற்செயல்தான். பெய் தன் கதைக்கு அவளைப் பார்த்து எழுதினான். வேறு ஒருவன் அவளைப் பார்த்து வேறொன்று செய்தான். அவன் ஒரு சரக்குலாரி ஓட்டுநர். அவன் சென்ற குளிர்காலத்தில் வேறு மாகாணத்தில் பிடிபட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆகஸ்டில் குற்றங்களுக்கு எதிரான கடும் நடவடிக்கை நாடெங்கும் தொடங்கியது. முடிவு காணாத வழக்குகள் விரைவாக முடிக்கப்பட வேண்டும் என்று ஆணை வந்தது. பத்தொன்பதாம் நாள் படகுத்துறைத் தொழிலாளர் அனைவரின் பெட்டிகளையும் சோதித்தார்கள். பெய்யின் பெட்டியில், அவன் கையெழுத்தில், கொன்றவன் தானே அமைதியாகச் சொல்லும் இருபத்தாறு பக்கங்கள் இருந்தன.

விசாரணை அதிகாரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது முதன்மை ஆசிரியர் தாவ் முந்திக்கொண்டு பேசினார்.

"கதையா? எந்தக் கதை? நான் எதையும் படிக்கலைங்க. விடுதியில அவன்கூட இருந்தது கெங்தான். எதுவானாலும் கெங்கக் கேளுங்க."

அதிகாரி பணிவானவர். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஐயா, நாங்க படிப்பு கம்மி ஆளுங்க. நீங்க இலக்கியம் தெரிஞ்சவரு. அந்தப் பய இது கதைங்கிறான், நானா சொல்ற மாதிரி எழுதுறது மேல்நாட்டுப் பாணிங்கிறான். நீங்களே சொல்லுங்க, எங்கயாச்சும் ஒருத்தன் தான் செய்யாத கொலைய நான்தான் செஞ்சேன்னு உக்காந்து எழுதுவானா?"

இலக்கியத்தைப் பற்றி ஓர் அரசு அதிகாரி என் கருத்தைக் கேட்டது அதுவே முதல் தடவை.

பிறகு அவர் சொன்னார்: "மே மாசமே மொதல் பிரதி உங்ககிட்ட குடுத்தேன்னு வேற சொல்றான். அதுல முத்திரை இருக்காம். கொலைக்கு முந்தியே எழுதினதுன்னு ஆயிட்டா இந்த வழக்கே நிக்காது. அப்படி ஏதாச்சும் இருக்கா?"

"நினைவில்ல. தேடிப் பாக்குறேன்" என்றேன்.

கருத்துரையை அன்று பிற்பகல் எழுதினேன். மூன்று முறை திருத்தி, நான்காவது முறை நல்ல தாளில் பெயர்த்தெழுதினேன். நமது புனைகதை மரபில் கதைசொல்லி எப்போதும் வெளியே நிற்கிறார், குற்றவாளியின் வாயில் கதையை ஒப்படைப்பதில்லை, படகுத்துறைத் தொழிலாளி ஒருவர் மேல்நாட்டு உத்திகளை முறையாகக் கற்றிருக்க வாய்ப்பில்லை, எனவே இப்பிரதியைப் புனைவு என்பதைவிட வாழ்வனுபவத்தின் நேரடிப் பதிவு என்று கொள்வதே பொருத்தமானது என்று எழுதினேன். பொய்யான சொற்றொடர் ஒன்றும் அதில் இல்லை. மரபைப் பற்றி நான் எழுதியது சரி. அந்த உத்தியை அவன் கற்றிருக்க வாய்ப்பில்லை என்பதும் சரி, அது என் யோசனை. அதிகாரி படித்துவிட்டு, "அருமையாத் தெளிவா இருக்குங்க, ஒரு அடித்தல் இல்ல" என்றார்.

பிரதியை நான் கொடுக்க விரும்பவில்லை என்று தாங்கள் எண்ணிவிடக்கூடாது. கொடுக்க விரும்பினேன். அடுத்த நான்கு வாரங்களும் நான் வேறு எதையும் எண்ணவில்லை. படத்தை மட்டும் நீக்கிவிட்டால் கொடுத்துவிடலாம் என்பதே என் நிலை. கத்தரிக்கோலை எடுத்தேன். மூலையை வெட்டினால் முத்திரையும் போய்விடும். முத்திரை போனால் நாள் போய்விடும். சவரக் கத்தியால் அவன் கோடுகளைச் சுரண்டிப் பார்த்தேன். தாள் மெலிந்து ஒளி தெரிந்தது. மை அழிக்கும் மருந்தை வேறொரு தாளில் சோதித்தேன். நீலத்தைவிடச் சிவப்பு முந்திக்கொண்டு கரைந்தது. என் முகமும் அவன் உயிரும் ஒரே வட்டத்தில் இருந்தன. அந்த வட்டத்தை அதிகாரி பார்ப்பார், தட்டச்சுப் பெண் பார்ப்பாள், தாவ் பார்ப்பார், அச்சுக்கூடத்தில் அனைவரும் பார்ப்பார்கள். இருபத்தேழு ஆண்டுகளில் ஏறிவந்த படிகள் முழுவதையும் அவர்கள் ஒரு பார்வையில் இறங்கிவிடுவார்கள். பிரதியைக் காட்டாமலே சாட்சியம் எழுதித் தரலாமே என்று தாங்கள் கேட்கலாம். ஆதாரம் எங்கே என்று அவர்கள் கேட்டிருப்பார்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் பெய்யின் அக்காள் ஷூசின் வந்தாள். நூடுல்ஸ் ஆலையில் வேலை செய்பவள். மாவு படிந்த கைகளோடு, தேயிலையில் அவித்த ஆறு முட்டைகளைத் துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"ஐயா, அவன் சத்தியம் பண்றான். மே மாசம் உங்க கையில குடுத்தானாம். நீங்க தங்கமான ஆளுன்னான். கெங் வாத்தியாரு மறந்திருப்பாரு, போய் ஞாபகப்படுத்துன்னு அனுப்புனான்."

"எவ்வளவோ பிரதி வருதும்மா. கழிவுத்தாளோட போயிருக்கலாம்."

"கழிவுத்தாள எங்க போடுவீங்க?"

அச்சுக்கூடத்தின் பின்புறம் கொட்டகையில் மூட்டைகள் இருந்தன, காகித ஆலை வண்டி இன்னும் வரவில்லை. அவள் அன்றே அங்கே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தம்பியின் பெயரிலுள்ள மூன்று எழுத்துகளை மட்டும் அவன் சிறுவயதில் அவள் உள்ளங்கையில் எழுதிக் காட்டியிருக்கிறான். ஒவ்வொரு தாளாக எடுத்து, அந்த மூன்று எழுத்துகள் இருக்கின்றனவா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பத்தொன்பது மூட்டைகள்.

இரண்டாம் நாள் நானும் போய் அவள் அருகில் உட்கார்ந்தேன். பெயரைத் தேடுவதைவிட மூலையில் சிவப்பு வட்டத்தைத் தேடுவது விரைவானது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மணி நேரம் அவளோடு சேர்ந்து தேடினேன். என் கைகள் கறுத்துவிட்டன. இழுப்பறையின் சாவி என் சட்டைப்பையில் இருந்தது, குனியும்போதெல்லாம் குத்தியது. ஆயினும் அந்த இரண்டு மணி நேரமும் நான் உண்மையாகத் தேடினேன் என்பதைக் கூற விரும்புகிறேன். ஒரு கட்டத்தில் கிடைத்துவிடும் என்றுகூட நம்பினேன்.

"கிடைக்காட்டியும் பரவால்ல ஐயா" என்றாள் அவள். அழவில்லை. "எங்களுக்காகக் குப்பையில உக்காந்த ஒரே படிச்ச ஆளு நீங்கதான்." எழுந்து நின்று இடுப்புவரை குனிந்து வணங்கினாள். பிறகு பதினேழாவது மூட்டையைப் பிரித்தாள்.

தங்களுடைய முதல் கேள்விக்கு விடையாக அந்தப் பிரதியை இத்துடன் உறையில் வைத்திருக்கிறேன். முத்திரை தெளிவாக உள்ளது, சுரண்டிய தடம் படத்தின் ஒரு முழங்காலில் மட்டுமே இருக்கிறது. கதை மே பதினொன்றாம் நாளுக்கு முன்பே எழுதப்பட்டது. இவ்வளவு காலம் ஏன் தரவில்லை என்றால், பிற்பாடு அவசரம் எதுவும் இருக்கவில்லை. ஒரு சிறு வேண்டுகோள் மட்டும் உண்டு. கோப்புக்காக நகல் எடுக்கும்போது, மே பதினொன்று என்ற நாளை மட்டும் விட்டுவிட்டு, முத்திரையைச் சுற்றியுள்ள கோடுகளின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அளவாக வெட்டிய தாளும் உறைக்குள் இருக்கிறது.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. செப்டம்பர் இருபத்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ஆற்றோர மைதானத்தில் தீர்ப்புக் கூட்டம். சுவரொட்டியில் அவன் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள், அன்றே சுடப்பட இருப்பவர்களுக்கு இடும் குறி அது. அன்று காலை நான் முடிவெடுத்தேன். பிரதியைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். இதை யாரும் அறியமாட்டார்கள், ஆகவே பதிவு செய்கிறேன். வாயிலை அடைந்தபோது பத்து மணி. உள்ளே எவரும் இல்லை. வயதான காவலர் ஒருவர் மட்டும் கூண்டுக்குள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் மைதானத்துல இருக்காங்கண்ணே. பதினொன்னுக்கு மேல வருவாங்க. கையில என்ன?"

"ஒரு காகிதம். அதிகாரிகிட்ட குடுக்கணும்."

"அவசரம்னா சொல்லுங்க. மைதானத்துக்கு நேரா ஃபோன் இருக்கு, இப்பவே கூப்பிட்டுத் தர்றேன். எங்க, காட்டுங்க பாப்போம், என்ன காகிதம்?"

அவர் கூண்டிலிருந்து கையை நீட்டினார். விதைத்தோல் ஒட்டியிருந்த கை. அவர் மேல்மூலையைத்தான் முதலில் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றியது.

"அவசரமில்ல" என்றேன். "உக்காந்திருக்கேன்."

எனக்கு ஒரு முக்காலி கொடுத்தார், கைநிறைய விதையும் கொடுத்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்று ஆற்றின் பக்கத்திலிருந்து வீசியதால் ஒலி தெளிவாகவே கேட்டது. ஒரே ஒரு முறை. காவலர் கொறிப்பதை நிறுத்திவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். காலை பத்து மணி நாற்பத்து மூன்று நிமிடம்.